‘படித்து வாங்குங்கள்’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மகளிர் பக்கத்தில் முகப்பூச்சு வாங்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். டப்பாவின் பின்னால் உள்ள சேர்மானங்களைப் படித்து, ஒப்பிட்டு வாங்கச் சொல்லி முடித்திருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் எப்படிப் படிப்பது என்று ஒரு வரிகூட இல்லையே!

நான் சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி பருப்போடு ஒரு அலமாரி முழுக்க பவுடர், சோப்பு, கிரீம். உங்கள் கட்டுரை வந்த மறுநாளே பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வந்துவிட்டாள். மஞ்சள் கிழங்குப் படம் போட்ட 50 கிராம் டப்பா ஒன்றை வேறு எங்கோ 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியிருக்கிறாள். என் கடையில் 12 வெள்ளிக்கு விற்கும் 200 மில்லி லோஷனை அதன் பக்கத்தில் வைத்து, “ஆண்டி, இதுல எது நல்லது?” என்றாள்.

எழுத்து எறும்பைவிடச் சின்னது. என் வீட்டுக்காரர் நாலு நம்பர் லாட்டரி முடிவு பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அதனால் உருப்படியாக ஒரு காரியம் நடந்தது அன்றைக்குத்தான்.

மருந்துக் கடையில் வேலை செய்யும் என் மகள் சொல்லித் தந்த முறை இது. சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றையும் சாயங்களையும் மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். ஆசியான் என்னும் தென்கிழக்காசிய நாடுகளுக்குப் பொதுவான விதி. இங்கே மலேசியாவில் 2008 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டிலும் முதலில் ‘அக்வா’, அதாவது தண்ணீர். அப்புறம் கிளிசரின், மினரல் ஆயில், ஸ்டியரிக் ஆசிட், செட்டியரில் ஆல்கஹால். பிள்ளை அதை ‘செட்டியார்’ என்றே படித்தாள். ஆல்கஹால் என்றதும் பயந்தும் போனாள். இது எரிகிற சாராய வகை இல்லை, மெழுகு மாதிரிப் பொருள், தோலை மிருதுவாக்கும். உலர்த்துவது ‘ஆல்கஹால் டினேட்’ என்று போட்டிருப்பது. கிளிசரினும் இந்தச் செட்டியாரும் செம்பனை எண்ணெயிலிருந்தும் வருகிறவை. அவள் அப்பா வெட்டி லோரியில் ஏற்றும் குலைதான் சுற்றிவந்து மகள் கையில் டப்பாவாக நிற்கிறதோ என்னவோ!

சரி, மஞ்சள் எங்கே? தேடிக்கொண்டே போனோம். ‘பினாக்ஸிஎத்தனால்’ என்று ஒன்று வந்தது. கெடாமல் இருக்கச் சேர்ப்பது. ஒரு விழுக்காட்டுக்கு மேல் போடக் கூடாது. ஆக, சாயம் தவிர அதற்குப் பின்னால் நிற்கும் எதுவும் ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. அதற்கும் பின்னால், வாசனைக்கும் அடுத்தபடியாக நின்றது ‘குர்குமா லோங்கா’, நம் மஞ்சள். கடைசியில் சி.ஐ. 19140 என்ற எண். டார்ட்ரசின் என்கிற செயற்கை மஞ்சள் சாயம் அது. படத்தில் கிழங்கு, டப்பாவுக்குள் சாயம்!

விலையைக் கணக்குப் போட்டால் அது கிராம் 90 காசு, என்னுடையது மில்லி 6 காசு. பதினைந்து மடங்கு. அளவு எவ்வளவு என்று பட்டியல் சொல்லாது, உண்மைதான். ஆனால் முதல் ஐந்தும் ஒன்றாக இருக்கும்போது 45 வெள்ளி எதற்கு?

இதெல்லாம் ஏமாற்றம், அவ்வளவுதான். என் நாத்தனாருக்கு நடந்தது வேறு. வாட்ஸ்அப்பில் ஒரு பெண் விற்ற, பட்டியலே இல்லாத வெள்ளை டப்பா. இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் சிவந்து எரிந்து, முன்பைவிடக் கறுத்துவிட்டது. அதில் என்ன இருந்ததோ, யாரும் சோதிக்கவில்லை. ஆனால் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனம் தடை செய்யும் கிரீம்களில் திரும்பத் திரும்ப வருவது பாதரசமும், மருத்துவர் சொல்லித்தான் பூச வேண்டிய ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின், ஸ்டீராய்டு வகை மருந்துகளும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்தத் திருடனும் அதைப் பட்டியலில் எழுதுவதில்லை. அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பயனில்லை. ஆங்கிலத்தில் ‘NOT’ என்று தொடங்கி, ஒன்பது இலக்கம் வந்து, ‘K’ என்று முடியும் பதிவு எண்ணையோ பொருளின் பெயரையோ அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். எண் இருந்தால் அரசாங்கம் சோதித்துவிட்டது என்று அர்த்தமில்லை. விற்பவர் அறிவித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். பதிவு ரத்தானதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தடை செய்த கிரீம்களின் பெயர்களை அந்த நிறுவனம் வெளியிடும்போதெல்லாம் உள்பக்க மூலையில் போடாமல் மகளிர் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழில் போடுங்கள். வெட்டி அலமாரிக்கு மேல் ஒட்டிவைக்கிறேன். ‘ஏழே நாளில் சிவப்பழகு’ விளம்பரங்களையும் அதே பக்கத்தில் போடாமலிருந்தால் இன்னும் நல்லது.

அந்த மஞ்சள் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனாளாம். திறந்துவிட்டதால் வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது அவள் அப்பா ராத்திரியில் வெடித்த குதிகாலுக்குப் பூசிக்கொள்கிறாராம்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரி,
சுங்கை சிப்புட், பேரா.