நம் ஊரில் இல்லாத ஆறு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தோம். தமிழாசிரியை திருத்தி முடித்து, நோட்டுகளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். 11 நோட்டுகளில் ஆற்றங்கரையில் ராட்டினம் சுற்றுகிறது. நம் ஊரில் ஆறே கிடையாது.

கைடிலும் செல்போனிலும் கிடைத்ததைப் பிள்ளைகள் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். செத்த ஈ ஒட்டியிருந்த பக்கத்தைப் பிரதி எடுத்தவர், தானும் ஓர் ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டினாராம். 'ஈயடிச்சான் காப்பி' என்று நாம் சொல்வது அதைத்தான். இந்த ஆறும் அப்படி வந்து ஒட்டிய ஈதான்.

நான் யாரையும் திட்டவில்லை. உட்காரவைத்துக் கேட்டேன். "சார், நான் எழுதினா நல்லா இருக்காது" என்றான் ஒரு மாணவன். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 13 வயதுப் பிள்ளை தன் சொல்லை நம்பாமல் போனதற்கு நாங்களும் காரணம். பிழையில்லாமல் பக்கத்தை நிரப்பினால் போதும் என்று மதிப்பெண் போட்டுப் பழக்கிவிட்டோம்.

அந்த அடுக்கிலேயே இன்னொரு நோட்டும் இருந்தது. அந்த மாணவியின் அப்பா திருவிழாவில் வளையல் கடை போடுகிறவர். 'தேர் எங்கள் கடையைத் தாண்டும்போது நான் பெட்டிக்குப் பின்னால் உடைந்த வளையல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தேர்ச் சத்தம் மட்டும் கேட்டது' என்று எழுதியிருந்தாள். ஒன்றரைப் பக்கம்தான், எழுத்துப்பிழை 7. அவளிடம் கேட்டுக்கொண்டு வகுப்பில் படித்துக் காட்டினோம். பின் பெஞ்சு வரை ஒரு சத்தம் இல்லை.

பிறர் எழுதியதைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. யாருடையது என்று சொல்லிவிட்டு எடுக்கலாம். மணிமேகலையில் சாத்தனார் 'தெய்வம் தொழாஅள்' குறளை எடுத்தாளும்போது, அது 'பொய்யில் புலவன்' சொன்னது என்று மரியாதையோடு சேர்த்துச் சொல்கிறார். தொல்காப்பியரும் 'என்மனார் புலவர்' என்று முன்னோரைச் சொல்லிக்கொண்டேதான் போகிறார். பிள்ளைகள் நாளை ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனால் இது விதியாகவே வந்து நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் மாணவரின் பதிவே ரத்தாகும்.

சரி, இனி கட்டுரையை முதலில் வகுப்பிலேயே எழுதவைக்கப் போகிறோம். எதையாவது பார்த்து எழுதியிருந்தால், எங்கிருந்து என்று கடைசியில் ஒரு வரி போட்டால் போதும், அதற்காக மதிப்பெண் குறையாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் என்று பிள்ளை வந்து நின்றால், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கொடுக்காதீர்கள். கேட்டதும் முழுக் கட்டுரையும் எழுதித் தரும் செயலிகள் இப்போது எல்லார் போனிலும் இருக்கின்றன, அதுவும் வேண்டாம். வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும்.

அந்த 11 பேரும் வரும் வெள்ளிக்கிழமை மறுபடி எழுதுகிறார்கள். அன்று மாலை நோட்டு வீட்டுக்கு வரும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பிழை கண்ணில் பட்டாலும் திருத்த வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்