வரிசையில் நின்றவர்களை அறியாதவர்கள் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள எல்லையோர ஊர் ஒன்றில் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னால் மக்கள் திரண்டு நின்று டெபாசிட்டைத் திரும்பக் கேட்ட செய்தியைப் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். படத்துக்குக் கீழே 'வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய அறியாமை' என்று போட்டிருந்தீர்கள். அந்த வரி எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. வங்கியில் முப்பத்தோரு வருடம் காசாளராக இருந்தவன் நான். அப்படி ஒரு வரிசையைக் கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு ரயிலேறிப் போய் வியாபாரம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இன்னமும் இருக்கிறார்கள். 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவை மூடியது. இரண்டு வங்கிகள் ஒன்றாகச் சேர்ந்து உருவாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வங்கியை நடத்தியவர்களுக்கும் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசுக்கும் இருந்த பகை ஊரறிந்தது. வங்கிக்கு ஆபத்து என்ற பேச்சு பரவியது, பணம் எடுக்கக் கூட்டம் கூடியது, வங்கி நொடித்தது. அந்தப் பயம் தென்னிந்தியாவின் மற்ற வங்கிகளையும் தொட்டது.

இருபத்திரண்டு வருடம் கழித்து, 1960 ஆகஸ்ட் 8 அன்று, பாலாய் சென்ட்ரல் வங்கியைக் கலைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கியே கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வங்கியின் கடன்களில் வராக்கடன் நிறைய இருந்தது. அதனால் பேச்செல்லாம் வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. பாலாய் மூடியதும் கேரளத்தின் மற்ற வங்கிகளிலும் கூட்டம் குவிந்தது. இதையெல்லாம் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த ஒருவர் 'பேங்க் மூடப்போகுதாம்' என்ற பேச்சு காதில் விழுந்தவுடன் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஓடினால், அதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய கிளையில் இருந்தேன். கணக்கு வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் வேலை செய்த நம் ஆட்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பணம் கொண்டுவர வேண்டிய வண்டி மலைப்பாதையில் பழுதாகி நின்றுவிட்டது. மதியத்துக்கு மேல் கவுண்டரில் 'இன்று பணம் இல்லை' என்று அட்டை எழுதி வைத்தோம். காரணம் எழுதவில்லை. அந்த மூன்று வார்த்தை சனி, ஞாயிறு இரண்டு நாளில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கும்போது முந்நூறு பேருக்குக் குறையாமல் வெளியே நின்றார்கள்.

கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, மகள் கல்யாணத்துக்காகப் போட்டிருந்த டெபாசிட்டை உடைக்க வந்தார். முதிர்வுக்கு இரண்டே மாதம் பாக்கி. இப்போது எடுத்தால் வட்டி குறையும் என்று சொன்னேன். "மூடிட்டா அப்புறம் யாருகிட்ட போய்க் கேப்பேன் சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சீட்டில் அவர் கைரேகையை நான்தான் வாங்கினேன். சும்மா ஒரு அட்டையை எழுதி வைத்த எங்கள் தவறுக்கு வட்டியை இழந்தது அவர்.

எங்கள் மேலாளர் அதற்கப்புறம் செய்ததுதான் கிளையைக் காப்பாற்றியது. பக்கத்து ஊர்ப் பெரிய கிளையிலிருந்து பணப்பெட்டிகளை வரவழைத்து, கட்டுகளை எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமேல் அடுக்கச் சொன்னார். வண்டி பழுதான கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் அவரே நின்று சொன்னார். கடைசி ஆள் வாங்கும்வரை கிளை திறந்திருக்கும் என்றார். ராத்திரி எட்டு மணிவரை கொடுத்தோம். மதியத்துக்கு மேலேயே பாதி வரிசை கலைந்துவிட்டது. எடுத்தவர்களில் பலர் அந்த வாரமே திரும்பப் போட்டார்கள். வங்கியில் போட்ட பணத்தில் பெரும்பகுதி கடனாக வெளியே இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியும் திணறும். ஆனால் பணம் கண்ணெதிரே இருந்தால் எல்லோரும் கேட்பதில்லை.

ஜப்பானிலும் இப்படி நடந்திருக்கிறது. 1973 டிசம்பரில் பள்ளி மாணவிகள் சிலர் ரயிலில் பேசிக்கொண்டு போனார்கள். வங்கி வேலைக்குப் போகவிருந்த தோழியிடம் 'அங்கே ஆபத்தாச்சே' என்று ஒருத்தி சொன்னாள். கொள்ளைக்காரர்கள் வருவார்களே என்ற அர்த்தத்தில் சொன்ன கேலி அது. சில நாட்களில் அது டொயோகாவா ஷின்கின் என்ற வங்கியே ஆபத்தில் இருப்பதாக மாறி, ஆயிரக்கணக்கானவர்கள் கிளைகளில் குவிந்தார்கள். அங்கேயும் மத்திய வங்கி பணத்தை அனுப்ப, அதை எல்லோரும் பார்க்க அடுக்கி வைத்தார்கள். போலீஸ் விசாரித்தபோது பேச்சு அந்த ரயில் பெட்டியில் போய் நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தில் கிளப்பியதில்லை. இப்போது ரயில்கூட வேண்டாம். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது, பெரும்பாலும் ஆன்லைனில்.

பாலாய் வங்கி விழுந்த பிறகுதான், வங்கி நொடித்தால் போட்ட பணத்தை ஒரு வரம்புவரை திருப்பித் தரும் டெபாசிட் காப்பீடே நமக்கு வந்தது. 1962 ஜனவரியில் தொடங்கியபோது ஆளுக்கு 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சம், 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து இவ்வளவு. பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் மொத்தமாகத்தான் கணக்கு. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. சீட்டுக் கம்பெனிக்கும் கிடையாது. எல்லைக்கு இரண்டு பக்கமும் நம் ஜனங்களின் சேமிப்பு நிறைய இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

உங்கள் செய்தியில் இதில் ஒரு வரிகூட இல்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான். அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது, அந்த நிறுவனத்துக்குக் காப்பீடு உண்டா, எவ்வளவு, யாரிடம் கேட்க வேண்டும் என்று படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள். உங்கள் கேரளப் பதிப்பிலும் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
செங்கோட்டை