சட்டம் எந்தத் தேதியிலிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேரவையில் மசோதா நிறைவேறியதும் 'புதிய சட்டம் வந்தது' என்று செய்தி வருகிறது. என்றிலிருந்து நடைமுறை என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. இதனால் நான் பட்ட பாடு ஒன்று.

2018இல் சத்துவாச்சாரியில் வாடகைக்கு வீடு பார்த்தேன். பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். புதிய வாடகைச் சட்டப்படி பொதுவாக மூன்று மாத வாடகைதான் என்று, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டை நீட்டினேன். வீட்டுக்காரர் நிதானமாகப் படித்துவிட்டு, "சரி சார், எப்போதிலிருந்து என்று இதில் போடவில்லையே" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அது 2017ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறைக்கு வந்ததோ 2019 பிப்ரவரி 22 அன்று. அதுவரை 1960ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

மசோதாவுக்கு ஆளுநரோ, சிலவற்றுக்குக் குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தர வேண்டும். அப்புறம் அரசிதழில் வெளியாக வேண்டும். சட்டத்தின் முதல் பிரிவிலேயே தேதி இருக்கும், அல்லது 'அரசு அறிவிக்கும் நாளில்' என்றிருக்கும். இரண்டாவது வகை என்றால் தனி அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எதுவுமே சொல்லாவிட்டால் ஒப்புதல் அரசிதழில் வெளியாகும் நாளே கணக்கு.

அரசிதழ் இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் வாடகை வீடு தேடி அலைபவருக்கு அதைப் புரட்ட ஏது நேரம்? சட்டச் செய்திகளின் கடைசியில் 'அமலுக்கு வரும் நாள்' என்று ஒரு வரி சேருங்கள். முடிவாகவில்லை என்றால் அதையாவது போடுங்கள். அறிவிக்கை வந்த அன்று மறுபடியும் ஒரு சிறு செய்தி தாருங்கள்.

— ஒரு வாசகர், வேலூர்