படத்தின் கீழே நேரத்தையும் எழுது

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஒன்றிலும் ஆளையே காணோமே" என்றாள். இக்காலக் கலைப் புகைப்படங்கள் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லி, மாடி அலமாரியில் நீ விட்டுச்சென்ற, ஜப்பானியப் புகைப்படக்காரர் ஹிரோஷி சுகிமோட்டோவின் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன்.

ஸ்டூடியோக்காரனுக்கு முகம் தெளிவாக விழ வேண்டும், கண் மூடியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. சுகிமோட்டோவின் கடல் படங்களில் இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. பாதி வானம், பாதி நீர், நடுவே ஒரு கோடு. 1980 முதல் உலகின் பல கரைகளில் நின்று இதே அமைப்பில் எடுத்திருக்கிறார். சிலவற்றில் அந்தக் கோடும் மூடுபனியில் கரைந்துவிடுகிறது. இருந்தும் ஒரு கடலின் மனநிலை இன்னொன்றில் இல்லை.

அவற்றைவிட அவர் திரையரங்குகளுக்குள் எடுத்த புகைப்படங்கள்தாம் என்னைக் கட்டிப்போட்டன. சினிமா தொடங்கும்போது கேமராவின் ஷட்டரைத் திறந்து, அது முடியும்வரை மூடாமல் விட்டிருக்கிறார். ஓடிய காட்சிகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து திரை வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிட, அந்த வெளிச்சத்திலேயே காலி நாற்காலிகளும் சுவரின் வேலைப்பாடுகளும் துலங்குகின்றன. அத்தனை நேரம் ஷட்டர் திறந்திருந்தால், அசைந்துகொண்டிருக்கிற மனிதர் பிலிமில் தங்கமாட்டார். ஆகவே காலியாகத் தெரிகிற இடத்தில் ஆள் இருந்திருக்கவும் கூடும் என்று அம்மாவிடம் விளக்கினேன். அவள் திரும்பவும் உன் படங்களை எடுத்துப் பார்த்தாள்.

நீ அனுப்பியவற்றில் மாலை நேரத்துத் தெருப்படம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த நீலத்தைத் திருத்தாமல் விட்டாய் பார், அதில்தான் உன் கண் தேறியிருப்பது தெரிகிறது. நம் நாட்டுப் புகைப்படக்காரர் தயானிதா சிங், பகலுக்கென்று செய்த கலர் பிலிமைப் பொழுது சாய்ந்த பிறகு பயன்படுத்தித் தொழிற்சாலைப் பகுதிகளை முழு நீலமாக எடுத்தவர். சூரியன் மறைந்தபின் எஞ்சும் வான்வெளிச்சத்தில் நீலம் மிகுதி. அந்த பிலிம் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். எங்கள் இருட்டறையில் பில்டரை மாற்றி அந்த நீலத்தைக் குறைத்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவோம். வாடிக்கையாளர் அதைத்தான் எதிர்பார்ப்பார். தயானிதாவோ அந்த நீலத்தையே படத்தின் உயிராக்கினார். 2022இல் புகைப்படக் கலைக்கான ஹாசல்பிளாட் விருது வாங்கியவர். உன்னுடைய படத்தையும் யோகோஹாமாவில் சுவரில் மாட்டியிருந்தார்கள் என்பதைப் பெரியப்பாவிடம் நான் சொல்லாத நாளில்லை. அந்தச் செய்தியைக்கூட உன் தோழி வழியாகத்தான் நாங்கள் அறிய வேண்டியிருந்தது.

மற்ற மூன்று படங்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி. முதல் படத்தில் ஜன்னல் சட்டத்தின் நிழல் சுவரின் ஓரத்தில் இருக்கிறது. அடுத்ததில் நாற்காலியின் முதுகில் ஏறியிருக்கிறது. மூன்றாவதில் தரையில் நீண்டு கதவைத் தொடுகிறது. நாற்காலியில் கிடக்கும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் மடிப்பு மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது. அழகான படங்கள்தாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காலையிலிருந்து மாலைவரை ஒரே இடத்தில் காத்திருந்து எடுத்த பொறுமை அவற்றில் தெரிகிறது. ஆனால் அவை செவ்வாய்க்கிழமை எடுத்தவை. அன்று உன் அலுவலகத்திற்கு விடுமுறையா என்று அம்மா கேட்டாள். இருக்கும் என்றேன்.

ஒரு படத்தின் துயரம் எடுத்தவரின் துயரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிச்சத்தையும் இடத்தையும் தேர்ந்து அதை உண்டாக்கலாம் என்பது எனக்குத் தெரியும். உன்னுடையது எது என்பதுதான் தெரியவில்லை. நேரத்திற்குச் சாப்பிடு. புகைப்படக்காரர் ரிங்கோ கவாவுச்சியும் ஜப்பான்காரர், உன் பக்கத்து ஊர்க்காரரைப் போன்றவர்தானே. கரண்டியில் அள்ளிய ஜவ்வரிசி வெளிச்சத்தில் மினுங்குவதைக்கூட அவர் படமாக்கியிருக்கிறார். உன் படங்களில் ஒரு தட்டோ அடுப்போ வருவதே இல்லை. நீ சமைப்பதையும் எடு; சமைத்ததை நேரத்திற்குச் சாப்பிடு.

கடைக்கு வேறு ஆள் வந்துவிட்டார், சித்தியின் முழங்கால் பரவாயில்லை. மற்றவற்றை அம்மா போனில் சொல்வாள், நீ எடுத்தால்.

இனிமேல் அனுப்பும் படங்களின் கீழே எடுத்த நாளையும் நேரத்தையும் எழுது. ஸ்டூடியோவில் நெகட்டிவ் உறைகளில் நாம் எழுதிவைத்ததுபோல எழுதினால் போதும். வேலைநாளின் பகலில் எடுத்தவையானாலும் தயங்காமல் எழுது. காரணம் கேட்கமாட்டேன். டிக்கெட்டுக்குப் பணம் தேவைப்பட்டால் அதையும் அதே வரியில் எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா