கதவு வைத்தவர்களுக்கும் குச்சி நட்டவருக்கும்

பெம்புரோக்‌ஷயர் கடலோரப் பாதையில் கடந்த மே மாதம் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும்,

வணக்கம்.

என் அப்பாவுக்கு வயது 69. வலது முழங்காலை மடக்கி உயரமாகத் தூக்க அவரால் முடியாது. அவரை வேல்ஸின் தென்மேற்கு மூலைக்கு நடக்க அழைத்துப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் தயங்கினார்கள். அதில் நியாயமும் இருந்தது. செயின்ட் டாக்மேல்ஸிலிருந்து ஆம்ரோத் வரை 186 மைல் நீளும் பாதை அது. வழியிலுள்ள மேடுகளை எல்லாம் கூட்டினால் எவரெஸ்ட் அளவுக்கு ஏறியதாகும் என்பார்கள். ஆறு நாள்களில் நாங்கள் நடந்தது முப்பது மைலுக்கும் குறைவு. அந்த அளவாவது நடக்க முடிந்தது உங்களால்தான்.

முதல் நன்றி, வேலிகளில் கதவு வைத்தவர்களுக்கு. வயலுக்கு வயல் வேலி குறுக்கிடும். அங்கெல்லாம் மரப்படியில் ஏறித் தாண்டும்படி இருந்திருந்தால் அப்பா முதல் நாளே திரும்பியிருப்பார். நாங்கள் போன வழியில் பெரும்பாலும், ஒருவர் மட்டும் நுழைந்து திரும்பும் சிறு கதவுகள்தான். ஆடு மாடு வெளியே போகாது. மனிதர் காலைத் தூக்க வேண்டியதில்லை. கதவு திரும்பிவந்து மரத்தில் முட்டும் சத்தம் கேட்ட பிறகே அப்பா நகர்வார். ஒரு கதவின் கீலில் தடவியிருந்த மசகு அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. "இந்த வாரம் யாரோ இங்கே வந்து போயிருக்கிறார், பாரம்மா" என்றார். அதன்பின் நாள் முழுவதும் அதையே தேடிக்கொண்டு நடந்தோம்: வெட்டிய பெரணியின் ஈரமான தண்டு, வழுக்குமிடத்தில் கொட்டிய சரளை, விளிம்பு சரிந்த இடத்தில் வயலுக்குள் தள்ளி அமைத்த புதுத் தடம். செங்குத்துப் பாறைகளையும் கடலையும் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்தக் கீல் அவற்றுக்குக் குறைந்ததில்லை.

வழிவிட்ட விவசாயிகளையும் இங்கே வணங்குகிறேன். இந்தப் பாதைக்கான வழியை 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்து வகுத்தவர் ரொனால்ட் லாக்லி என்ற இயற்கையியலாளர். பாதை திறக்கப்பட்டதோ 1970இல். ஒவ்வொரு நில உரிமையாளரிடமும் பேசி இணங்க வைக்கவே அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

அடுத்து, சாண்டி ஹேவனில் நாயுடன் வந்த அம்மையாருக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. டேல் கிராமத்திலிருந்து கிழக்கே வந்தால் கேன், சாண்டி ஹேவன் என்ற இரண்டு கழிமுகங்களையும் கடல் வற்றியிருக்கும்போதே கடந்துவிட வேண்டும். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை என் கையில் இருந்தது; அப்பாவின் நடைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத்தான் தவறாகக் கணக்கிட்டுவிட்டேன். நாங்கள் வந்து சேர்ந்தபோது தண்ணீர் கணுக்கால் அளவுதான் தெரிந்தது. காலணியைக் கழற்றத் தொடங்கியிருந்தேன். நீங்கள் ஓடிவந்து என்னைத் திட்டவில்லை. ஒரு குச்சியை எடுத்து நீர் விளிம்பில் நட்டு, "ஐந்து நிமிடம் இதைப் பாருங்கள்" என்றீர்கள். ஐந்து நிமிடத்தில் நான்கு விரற்கடை ஏறியிருந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றுவழி சுமார் 4 மைல் என்று சொல்லிவிட்டு, உங்கள் காரிலேயே எங்களை மறுகரையில் கொண்டுபோய் விட்டீர்கள். இன்றும் சில இரவுகளில் அந்தக் குச்சி நினைவுக்கு வருகிறது.

முழங்காலுக்கு ஓய்வு கொடுத்த நாளில் சைக்கிள். 1856இல் நேலண்ட் என்ற ஊருக்கு ரயில் வந்தது, புரூனெல் என்ற பொறியாளரின் முயற்சியால். 1964இல் அது நின்றுபோய், தண்டவாளம் கிடந்த தடம் இன்று மரநிழலில் ஓடும் சைக்கிள் பாதையாகியிருக்கிறது. ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது; அப்பா இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பெடலை மிதித்தார். ஜான்ஸ்டனுக்கு முன்னால் சங்கிலி கழன்றபோது நின்று மாட்டித் தந்த தம்பி, உன் கையெல்லாம் கறுப்பு மசகு. அப்பா கைகுலுக்க நீட்டியபோது நீ முழங்கையை நீட்டினாய். அதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

காலணி கடன் கொடுத்த லண்டன் தோழிக்கும், ஈரக் கால்சட்டைகளை உலர்த்தித் தந்த விடுதிக்காரருக்கும் நன்றி.

கடைசியாக, அபரெய்டிக்கு அருகே மாலையில் வந்த பஸ்ஸின் ஓட்டுநருக்கு. அந்தக் கடற்கரைப் பஸ்கள் நிறுத்தம் இல்லாத இடத்திலும் கைகாட்டினால் நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நீங்கள் நின்றது மட்டுமல்ல, அப்பா மேட்டிலிருந்து ஒவ்வோர் அடியாக இறங்கி வரும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தீர்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. வேல்ஸ் மொழியில் நன்றிக்கு 'டியோல்க்' என்று அன்று காலைதான் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். படியேறும்போது ஒரு முறை சொன்னார். இறங்கும்போது, சரியாகச் சொன்னோமா என்ற சந்தேகத்தில், இன்னொரு முறையும் சொன்னார்.

அன்புடன்,
அவருடைய மகள்