அம்மாவால் எடுக்க முடியாத ஐந்து ரூபாய்க் காசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருத்துவ ஆராய்ச்சிகளைப் பற்றி நீங்கள் போட்டிருந்த பக்கத்தை மண்டியில் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரே பார்த்து நோயைச் சொல்வது, ஆபரேஷனை முதலில் திரையில் பழகிவிட்டு அப்புறம் ஆளைத் தொடுவது, எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் குடிதண்ணீர் கெடுக்கிற எலும்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று இருந்தது. நான் டாக்டர் இல்லை, பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் அம்மாவுக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியதிலிருந்தே இடுப்பு வலி, முட்டி வலி, அப்புறம் கழுத்தைத் திருப்ப முடியாத பிடிப்பு. போன இடத்திலெல்லாம் "மூட்டுத் தேய்மானம்மா, வயசாகுதில்ல" என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பதினோரு வருஷம். இத்தனை பேரில் ஒருவர்கூட என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கடைசியில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில், மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் டாக்டர், கோட்டுப் பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசை எடுத்துத் தரையில் போட்டு, "முட்டி மடக்காம குனிஞ்சு எடுங்கம்மா" என்றார். அம்மாவின் விரலுக்கும் காசுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. தாடையை நெஞ்சில் வைக்கச் சொன்னார், பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு கையையும் பின்னந்தலையில் கோக்கச் சொன்னார், காது வரைக்கும்தான் வந்தது. அப்புறம்தான் கேட்டார்: "எந்த ஊரு? போர் தண்ணியா?"

வலிக்கிற முட்டியை விட்டுவிட்டு வலியே இல்லாத முன்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னபோது, சரி, பில்லை ஏற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். படம் வந்ததும் விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். முன்கையில் இரண்டு எலும்பு, நடுவே அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற சவ்வு. அந்தச் சவ்வு சாதாரணமாகப் படத்தில் தெரியாதாம். அம்மாவுக்கு அதில் சுண்ணாம்பு ஏறி, எலும்பின் ஓரத்தில் இலந்தை முள் மாதிரி வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஃபுளோரோசிஸ், அதாவது குடிதண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமாகி வருகிற நோய். பல்லில் வருவதைத்தான் நாங்கள் அதுவரை கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தவர்கள், காவி படிந்த பல்லுக்காகப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போன வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. அது எலும்புக்கும் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த நோயும் இல்லை. அப்போதைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில், முதுகு விறைத்துப்போன விவசாயிகளைப் பார்த்து 1937லேயே ஷார்ட் என்கிற டாக்டரும் அவரோடு பண்டிட், ராகவாச்சாரி என்ற இரண்டு பேரும் எழுதிவைத்துவிட்டார்கள். காரணமும் தெரிந்ததுதான். நம் பக்கம் பூமிக்கடியில் கெட்டிப் பாறை, அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு மெதுவாகக் கரைந்து தண்ணீரில் சேர்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடையாது என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நிறம், மணம், ருசி எதிலும் காட்டிக்கொடுக்காது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் வருஷக்கணக்கில் காய்ச்சினோம். தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே பானையில் நிற்கும், ஆக நாங்கள் குடித்தது இன்னும் கெட்டியான சரக்கு!

இன்னொன்று தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது. உடம்புக்குள் போன ஃபுளோரைடில் எலும்பில் தங்காத பங்கைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவது சிறுநீரகம்தான். வலி மாத்திரையை வருஷக்கணக்கில் தின்றால் அடி வாங்குவதும் அதே சிறுநீரகம். நோயைத் தப்பாகப் பிடித்தால் வெறும் மருந்துச் செலவோடு போகாது, கழிவு போகிற வாசலையும் நாமே அடைத்த மாதிரி ஆகிவிடும்.

காவிரித் தண்ணீரைக் கொண்டுவருகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் போட்டு 2013இல் வந்தது, அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் குறைப்பு என்று இருக்கிறது. அதனால் இனி இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எங்கள் அம்மா வயதுக்காரர்கள் அதற்கு முன்பே நாற்பது வருஷம் போர் தண்ணீர் குடித்தவர்கள். எலும்பில் ஏறியது லேசில் இறங்காது, வருஷக்கணக்கில் பிடிக்கும். அவர்கள்தான் இன்று முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓ.பி. வரிசையில் நிற்கிறார்கள்.

ஆபரேஷன் பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி டாக்டர்கள் 16 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கம்ப்யூட்டர் திரையில் பழக்கிவிட்டு, எல்லாரையும் பித்தப்பை ஆபரேஷன் செய்யவிட்டுப் பார்த்தார்கள். பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள், பழகாதவர்கள் செய்த தப்பு ஆறு மடங்கு. நல்லது, இதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் பெரியப்பாவுக்கு ஃபுளோரோசிஸ் முற்றித் தண்டுவடம் அழுந்திக் கால் இழுத்துக்கொண்டபோது ஆபரேஷன் செய்த பெங்களூர் டாக்டர் சொன்னது வேறு கதை. எலும்பு கருங்கல் மாதிரி இருந்ததாம், வழக்கமான கருவி கடிக்கவில்லையாம், டிரில்லை வைத்து முட்டை ஓடு அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து அப்புறம் தூக்கியிருக்கிறார். முதுகெலும்புகளைப் பிணைக்கிற நாரே எலும்பாகி, தண்டுவடத்தின் உறையோடு ஒட்டிக்கிடந்ததாம், கொஞ்சம் கை தவறினால் உறை கிழிந்து நீர் கசியும். இந்தக் கை எந்தத் திரையில் வரும்? கம்ப்யூட்டர் எக்ஸ்ரே படிப்பதும் அப்படித்தான், காட்டாத படத்தை அது கண்டுபிடிக்காது. எங்கள் ஊர் முன்கைகளின் படத்தை யாரும் காட்டாவிட்டால் அதுவும் "தேய்மானம்" என்றுதான் சொல்லும்.

தர்மபுரியில் 2008இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. மேல்படிப்பு டாக்டர்கள் 3 மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தில் பென்னாகரம், காரிமங்கலம், மொரப்பூர் பக்கம் இருந்து வருகிறவர்களிடம் காசைக் கீழே போட்டு எடுக்கச் சொல்லிப் பார்க்கலாமே? செலவு அஞ்சு ரூபாய், அதுவும் திரும்பி வந்துவிடும். எல்லா முட்டி வலியும் தண்ணீரால்தான் என்று நான் சொல்லவில்லை, தேய்மானமும் நிஜமாகவே உண்டு. எது எது என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் கேட்கிறேன். ஓ.பி. சீட்டில் "போரா, காவிரியா, எத்தனை வருஷம்" என்று ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும்.

ஆராய்ச்சி என்றால் கோடிக்கணக்கில்தான் செலவாக வேண்டும் என்றும் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிக்கூடப் பையன்களுக்குத் தினம் 10 கிராம் புளியைச் சாப்பாட்டோடு 18 நாள் கொடுத்து, சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறுவதை 2002இல் காட்டினார்கள். புளிக்குப் பேர்போன ஊர் எங்களுடையது, லோடு லோடாக வெளியே அனுப்புகிறோம்! அதற்காகப் புளிக்கரைசலைக் குடித்தால் எலும்பு சரியாகிவிடும் என்று யாரும் வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம். இதையே பெரிய அளவில், பல வருஷம் செய்துபார்க்க எங்கள் ஜில்லாவை விட்டால் வேறு எது பொருத்தமான இடம்?

அம்மாவின் அந்த முன்கை எக்ஸ்ரே இன்னும் பீரோவுக்கு மேலேதான் இருக்கிறது. பாடம் நடத்த எந்தக் கல்லூரிக்காவது வேண்டுமென்றால் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன், அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.