இன்ஜினை நிறுத்தச் சொல்லும் சுற்றறிக்கையும், செல்ஃப் எடுக்காத வண்டியும்

மதிப்பிற்குரிய மேலாண் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். இது 21-ஆவது ஆண்டு. கிளையின் பெயரையும் வண்டி எண்ணையும் இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் வண்டி சரியாவதற்கு முன்னால் எனக்கு மாறுதல் வந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

டீசல் சிக்கனம் பற்றிய தங்கள் சுற்றறிக்கை டைம் கீப்பர் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் உள்ளவற்றை நான் மறுக்கவில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது என்பது எங்களுக்கும் தெரியும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நாங்கள்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிய மூத்த ஓட்டுநர், பிரேக்கை நான் மிதிக்கும்போதெல்லாம் "இதற்கு முன்னால் மிதித்த ஆக்சிலேட்டர் வீண்" என்பார். அடுத்த நிறுத்தம் கண்ணில் பட்டதுமே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை உருளவிடும் பழக்கம் அவர் தந்தது.

பிறகு ஏன் இந்த மடல்? மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றால் இன்ஜினை நிறுத்தச் சொல்கிறது சுற்றறிக்கை. என் வண்டியில் இன்ஜினை நிறுத்தலாம். மறுபடி கிளப்புவதுதான் கஷ்டம்.

சென்ற மாதம் ஒருநாள், சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு, பஸ் நிலையத்தில் இன்ஜினை நிறுத்தினேன். காலை 9.20 நடை. வண்டி நிறையக் கூட்டம். 2021-இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததிலிருந்து அந்த நேரத்தில் படிக்கட்டு வரை பெண்கள்தான். சாவியைத் திருப்பினேன். 'கட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், அந்தச் சத்தமும் இல்லை. நடத்துநர் இறங்கிப் போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் இறங்கச் சொன்னார். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் பின்னால் போனார்கள். போதவில்லை. கீரைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓர் அம்மாளும் கை கொடுத்தார். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை மிதித்தபடி காத்திருந்தேன். மூன்றாவது தள்ளலில்தான் வண்டி கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் கக்கிய கரும்புகை முழுக்கத் தள்ளியவர்கள் முகத்தில்.

அந்த அம்மாள் ஏறி வந்து, கரி அப்பிய உள்ளங்கையை என் பக்கம் விரித்துக் காட்டினார். "டிக்கெட் காசு வாங்கவில்லை என்பதற்காகத் தள்ளச் சொல்கிறாயா தம்பி?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

12 நிமிடம் தாமதம். அதற்கு ஒரு மெமோ வந்தது. அதே வாரம் கிளைப் பலகையில் கே.எம்.பி.எல். பட்டியல், அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்ற கணக்கு; இலக்கு 5.4, என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 4.7. அதற்கு இன்னொரு மெமோ. இன்ஜினை நிறுத்தினால் தாமதம், நிறுத்தாவிட்டால் டீசல். எந்த மெமோவை வாங்கிக்கொள்வது என்று தாங்களே சொல்லிவிட்டால் நல்லது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் சரிசெய்து கொடுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்.

பணிமனைத் தொழிலாளர்களை நான் குறை சொல்லவில்லை. அறுபது வண்டிக்கு ஒரே எலக்ட்ரீஷியன். உதிரிபாகம் கேட்டால் 'இன்டென்ட் (கேட்புச் சீட்டு) போட்டிருக்கிறது' என்ற பதில் வருகிறது. போன மாதம் நின்றுபோன ஒரு வண்டியிலிருந்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டினார். இப்போது முதல் வண்டி எலும்புக்கூடாக மூலையில் நிற்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்து, இன்ஜெக்டர் ஒழுகி, ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டியில், எந்த ஓட்டுநர் எவ்வளவு பூப்போல மிதித்தாலும் 5.4 வராது. பலகையில் ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில் வண்டிக்குக் கடைசியாக எப்போது ஃபில்டர் மாற்றினார்கள் என்றும் ஒரு கட்டம் போட்டால் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி சொன்னார். ஐயா, அது தவறு. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின் டீசலையே உள்ளே விடாது. நியூட்ரலில்தான் அது சும்மா ஓடியபடி (ஐடிலில்) டீசல் குடித்துக்கொண்டிருக்கும். தவிர, இன்ஜின் பிடிப்பு போய், பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். ஐம்பது உயிரைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தச் சோதனையை நான் செய்ய மாட்டேன். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆய்வுச் சங்கம் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. சரிதான். ஆனால் எங்கள் தடத்துக்கான ஓட்ட நேரம், வழியில் இத்தனை வேகத்தடைகளும் மூன்று சிக்னல்களும் வருவதற்கு முன்னால் போட்டது. அவற்றில் போன நேரத்தை எங்காவது ஆக்சிலேட்டரை மிதித்துத்தானே ஈடுகட்ட வேண்டும்?

சென்னையில் 2025 ஜூன் மாதம் வியாசர்பாடியிலிருந்து மின்சாரப் பஸ்கள் கிளம்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மகிழ்ச்சி. அவை எங்கள் கிளைக்கு வரும்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன். தள்ளுவதற்கு வேண்டுமானால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

மன்னிக்கவும். குறை சொல்ல ஆரம்பித்தால் வார்த்தை தடித்துவிடுகிறது. பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் சரியாகும் வரை, இன்ஜினை நிறுத்தாததற்காகவோ தள்ளிக் கிளப்பிய தாமதத்துக்காகவோ எந்த ஓட்டுநருக்கும் மெமோ தர வேண்டாம் என்று கிளை மேலாளர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

நாளை காலை 4.50-க்கு எனக்கு முதல் நடை. வண்டியை வடக்கு வாசல் சரிவில் விட்டிருக்கிறேன். அந்த இடத்துக்கு எங்களுக்குள் தினமும் போட்டி. இன்று எனக்குக் கிடைத்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு டவுன் பஸ் ஓட்டுநர்